ஊத்துமேட்டு மேரியும் இரும்பூத்தும்

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது தியாகராய நகர்க் கடைக்காரனிடம் வந்து லீவு கேட்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆரோக்கியமேரிக்கு அது நிறையவே உண்டு. அதுவும் அவர் லீவோடு நிறுத்தவில்லை. மேல் தட்டில் இருந்த வெள்ளைக் காடாத் துணியில் பிரிக்காத சுருள் ஒன்றையும் கேட்டார்.

"எதுக்குக்கா இவ்ளோ துணி?"

"சேத்துல விரிக்கணும்."

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், மெதுவாகப் போகும். என் மனைவி கீர்த்தி இதைக் கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். கல்லாவுக்கு முன்னால் ஆள் மேல் ஆளாக நிற்கிறார்கள். ஒரு அம்மாள் மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கேட்டு உயிரை வாங்குகிறார். இந்த நேரம் பார்த்துச் சேற்றில் விரிக்கத் துணி! முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மஞ்சள் அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"லீவு கேக்கல சின்ன அண்ணாச்சி, சொல்லிட்டுப் போறேன். துணிதான் கேக்குறேன்," என்றார் மேரியக்கா. கலைந்து கிடந்த ஜாக்கெட் துணிகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டேதான் சொன்னார். முகத்தில் கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்களுடையது ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிற மேட்சிங் சென்டர். புடவை விற்க மாட்டோம். புடவைக்கு வேண்டிய ஜாக்கெட் பிட், உள்பாவாடை, ஃபால்ஸ், லைனிங் எல்லாம் விற்போம். அப்பா அய்யாதுரை சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. இப்போதும் தினமும் கல்லாவுக்குப் பின்னால் வந்து உட்காருவார். மேரியக்கா அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போடுவதை மறுபடி வரிசையாக அடுக்குவது அவர் வேலை. அரக்கு நிறத்திலேயே அடுத்தடுத்த சாயல்களை ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிரித்துவிடுவார். அப்பா அவருக்கு 'பெரிய அண்ணாச்சி', நான் 'சின்ன அண்ணாச்சி'. எனக்குத் தலை நரைத்தாலும் அதில் மாற்றம் வரப்போவதில்லை.

அவர் எதற்குத் துணி கேட்டார் என்று சொல்ல வேண்டுமானால் ஊற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால், அடையாற்றங்கரையில், ஊத்துமேடு என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஐம்பது அறுபது வீடுகள். மேட்டின் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி ஒரு ஊற்று. ஆறு கறுத்து நாறிய காலத்திலும் அந்த ஊற்று மட்டும் தெளிவாக ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீரில் இரும்பு அதிகம், அதனால் இரும்பூத்து என்று பெயர். ஊறும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், குடத்தில் கொஞ்சநேரம் நின்றால் பழுப்பேறிவிடும். எவர்சில்வர் குடத்தின் உள்பக்கமெல்லாம் காவி ஏறிவிடும். டீ போட்டால் மையாகக் கறுத்துவிடும். விருந்தாளிகள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வயிறு சரியில்லை என்று கீழே வைத்துவிடுவார்களாம். ஊத்துமேட்டுக்காரர்களுக்கோ அதுதான் டீ. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தினமும் ஒரு டம்ளர் இரும்பூத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், ரத்தம் ஊறும் என்று. ஊறுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் துணிக்கடைக்காரன்.

மேரியக்கா சின்னமலையில் பிறந்தவர். லேத் பட்டறையில் வேலை பார்த்த தங்கவேலைக் கட்டிக்கொண்டு ஊத்துமேட்டுக்கு வந்தார். வேதக்காரப் பெண் என்பதால் கல்யாணப் புடவை வெள்ளை. மறுநாள் அதைத் துவைக்க வேண்டும் என்று, யாரையும் கேட்காமல், ஊற்றடியில் கொண்டுபோய் நனைத்துவிட்டார். வெயிலில் உலர்த்தியபோது புடவை முழுக்கப் பழுப்புத் திட்டு. ஊத்துமேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அந்தத் தண்ணீரில் வெள்ளை நனைக்கக் கூடாது. புதுப்பெண் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். அதே தெரு அன்புக்கரசி அப்போது பாவாடை சட்டை போட்ட பெண். அவள் வந்து பார்த்துவிட்டு, "ஐய, கல்யாணப் பொடவைய டீயில முக்கிட்டாங்கோ!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. இன்றைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மாட்டார்கள், பார்த்தால் சண்டை போடாமல் இருக்க மாட்டார்கள்.

ஊற்றுக்கு அவர்களுக்கு முந்திய கதையும் உண்டு. எங்கள் சந்தில் ஃபால்ஸ் தைக்கும் ஷஃபியுல்லா பாயின் தகப்பனார் ஒரு காலத்தில் அங்கே சோடா கம்பெனி வைத்திருந்தார். 'ரத்த விருத்தி சோடா' என்று பெயர். கோலி சோடா பாட்டிலுக்கு அடியில் செங்காவி வண்டல் நிற்கும், அதுதான் மருந்து என்று சொல்லி விற்றார். "வண்டல் இல்லாத பாட்டில ஜனம் வாங்க மாட்டாங்க தம்பி. டூப்ளிகேட்டுன்னு சொல்லுவாங்க," என்பார் பாய். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், ஒரு பங்களாக்காரர் செங்கல் தொட்டி கட்டி வைத்திருந்தாராம். சொறி சிரங்குக்காரர்கள் குதிரை வண்டியில் வந்து குளித்துப் போனார்களாம். பங்களா போயிற்று, சோடா கம்பெனி போயிற்று. கடைசியில் ஊற்றைக் காப்பாற்றி வைத்தது குடம் தூக்கிய பெண்கள்தான். தங்கவேலும் நாலு பேரும் சேர்ந்து ஊற்றைச் சுற்றி வட்டமாகச் சிமென்ட் உறை இறக்கினார்கள். வருஷா வருஷம் சித்திரையில் எல்லாரும் சேர்ந்து தூர் வாருவார்கள். வாரி முடித்துத் தண்ணீர் தெளிந்ததும் முதல் குடத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆற்றில் ஊற்ற வேண்டும். ஆற்றுக்குக் கொடுத்தபிறகுதான் வீட்டுக்கு. ஆறு எவ்வளவு நாறினாலும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

பிறகு தங்கவேல் மார்வலியில் போனார். மேரியக்கா எங்கள் கடைக்கு வந்தார். பெருவெள்ளம் வந்து ஊத்துமேட்டை ஆள் உயரச் சேற்றில் மூடிவிட்டுப் போனது. வீடுகளை இடித்தார்கள், ஜனங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் இறக்கினார்கள். ஊற்று எங்கே இருந்தது என்பதற்குக் கரையில் ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை.

இத்தனையையும் மேரியக்கா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு ஒன்று. ஆற்றங்கரையைச் சீரமைத்து, சுவர் எழுப்பி, நடைபாதை போடப்போகிறார்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேரியக்கா கடையிலிருந்து நேராகப் போய் எழுந்து நின்று, "எங்க ஊத்த இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மேடையிலிருந்த ஒருவர் வரைபடத்தைப் பார்த்தார்.

"அங்க ஊத்து எதுவும் இல்லம்மா. நீங்க பாத்தது சாக்கடைக் கசிவா இருக்கும். உக்காருங்க."

உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தார். மறுநாள் கடையில் அதை என்னிடம் சொன்னபோது கையில் இருந்த துணியை மடிக்கவே இல்லை. பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாக்கடையாம் சின்ன அண்ணாச்சி. நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து குடிச்சது சாக்கடையாம். எங்கொயந்திங்களுக்குக் குடுத்தது சாக்கடையாம். வூட்ட இடிச்சாங்க, சரி, ஆத்தோரம்னாங்க. இல்லாத ஒண்ணையா நாங்க இத்தினி வருசம் தூர் வாரிக்கினு இருந்தோம்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்கக்கா, அவனுங்க அப்படித்தான்." சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் விடவில்லை.

ஓய்வு நாள் தோறும் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே வேலை எடுத்திருந்த கம்பெனியின் சைட் இன்ஜினீயர் அனுப்ரியா என்ற சின்னப் பெண். வாட்ச்மேன் இரண்டு முறை விரட்டினார். மூன்றாம் முறை அனுப்ரியாவே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அவள் நல்ல பெண்தான். ஆனால் அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள்.

"ஆன்ட்டி, என் டிராயிங்ல ஊத்து கிடையாது. எனக்குக் கண்ணுல காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா சுவர்ல இடம் விடச் சொல்லி எழுதி வாங்குறது என் பொறுப்பு. ஆனா கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கான்கிரீட்.

மேரியக்கா பெரும்பாக்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் திரட்டினார். ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஊற்று எங்கே என்று கேட்டதும் ஒரே குரலில் பதில் வந்தது.

"எங்கூட்டு வாசலுக்கு நேரா!"

சிக்கல் என்னவென்றால், வந்த அத்தனை பேருடைய வீட்டு வாசலுக்கும் நேராக அந்த ஊற்று இருந்திருக்கிறது. வீடுகளில் ஒன்றுகூட இல்லை. வாசலையும் அவரவர் மனசுக்குள்ளிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். ஒருத்தி இங்கே என்றாள், இன்னொருத்தி நூறடி தள்ளி அங்கே என்றாள். அன்புக்கரசி தன் வாசற்படியில் நின்று கைநீட்டினால் உறையைத் தொடலாம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரானாள். மேரியக்கா அவளை விடவில்லை.

"இன்னாடி பேசிக்கினு கீற? எங்கதவத் தொறந்தா ஊத்து மூஞ்சிலதான் முழிப்பேன் நானு!"

"நீ அந்தாண்ட கடேசி வூடு. உனுக்கு நேரா இருந்தது கக்கூஸ்!"

அனுப்ரியா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாளாம். சொந்த வீட்டு ஊற்று மாதிரி எல்லாரும் அதை வைத்திருந்ததால், பொதுவாக அது எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது எனக்கு, பாவமாகவும் இருந்தது. மேரியக்காவுக்கு இரண்டும் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கல்யாணப் புடவை ஞாபகம் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வெள்ளைத் துணியை விடாது. சேற்றுக்கு அடியில் அது இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் ஈரத்தில் விரித்த வெள்ளைத் துணி பழுப்பேறிக் காட்டிக் கொடுக்கும். அதற்குத்தான் காடாத் துணி.

நான் முடியாது என்றதையும் மேரியக்கா சொன்ன காரணத்தையும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "ஏல பாலா, அந்தப் பிள்ள இந்தக் கடையில வந்து என்னைக்காது ஒண்ணு கேட்டிருக்காளா? எடுத்துக் குடுல," என்றார்.

"ஆடிக் கூட்டம்பா."

"கூட்டத்த நான் பாத்துக்கிடுதேன். நீயும் கூடப் போ."

நான் போனது துணி எங்கே போகிறது என்று பார்க்கத்தான். அன்றைக்கு அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அது. ஆற்றங்கரையில் கம்பிக் கூடுகளைக் கட்டி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், இன்னொரு பக்கம் மஞ்சள் பொக்லைன். அன்புக்கரசியும் வேறு சில பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றார்கள். நான் புதுச் செருப்போடு இறங்கி, முதல் அடியிலேயே ஒரு செருப்பைப் பறிகொடுத்தேன். அன்புக்கரசி என்னைப் பார்த்துக்கொண்டே, "மொதலாளிக்கு ஒரு கால்தான் கீதா?" என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் ஒற்றைச் செருப்போடு நிற்கிறவன் கோபப்பட்டு என்ன பயன்?

மேரியக்கா கை காட்டிய இடத்திலிருந்து துணியைப் பிரித்துப் போட்டோம். காத்திருந்தோம். கொஞ்சநேரத்தில் துணியின் ஓரத்தில் பழுப்பு ஏறியது. மேரியக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதான்! இங்கதான்! என் வாசல்!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் விழுந்து விழுந்து தோண்டினார்கள். மண்வெட்டி டங்கென்று ஒன்றில் மோதியது. சேற்றை வழித்துப் பார்த்தால் துருப்பிடித்த பீரோக் கதவு. வெள்ளத்தில் எங்கிருந்தோ வந்து புதைந்தது. பழுப்பு அதன் துரு.

நிறம் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் மேரியக்கா. துணியில் பட்டிருந்தது துருப்பொடி, தண்ணீரின் கறை இல்லை என்று எனக்கே இப்போது தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் போனது ஆசையால். அவர் கதவைப் பார்த்தபடி நின்றார். அன்புக்கரசி மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிவிட்டு நகர்ந்தாள்.

"அக்கா, போதும்கா. வாங்க, போலாம்," என்றேன்.

"நீங்க போங்க சின்ன அண்ணாச்சி. கடையில கும்பலா இருக்கும்," என்றவர் துணியை உருவி ஆற்றில் அலசப் போனார். அடையாற்றில் வெள்ளைத் துணியை அலச இறங்கியவரைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கடைக்குப் போவது? நின்றுவிட்டேன்.

அனுப்ரியா அதுவரை தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தாள். "ஆன்ட்டி, மேல இருக்கிறது எல்லாம் வெள்ளம் கொண்டுவந்த சேறு. இதுல என்ன விரிச்சாலும் குழப்பும். பழைய தரை இதுக்குக் கீழ இருக்கு. அதுல விரிங்க," என்றாள். பிறகு பொக்லைன் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். "வேலு அண்ணா, சுவர் வர்ற கோடு முழுக்க மேல் சேத்தை மட்டும் வழிச்சு எடுங்க. ஆழமாப் போக வேணாம்."

"மேடம், இது வேலையில இல்லியே. யாராச்சும் கேட்டா?"

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வேலு வண்டியைக் கிளப்பினார். வெண்ணெய் வழிக்கிற மாதிரி சேற்றை வழித்துப் போட்டார். கீழே வேறு மண் வந்தது. கறுப்பாக, இறுகலாக. நடுநடுவே உடைந்த செங்கல், ஒரு சிமென்ட் தொட்டியின் மூலை. பெண்கள் குனிந்து பார்த்தார்கள். அது அவர்கள் தெரு. "தோ, இது கொழாயடி," என்று ஒருத்தி சொன்னாள். வேறொருத்தி ஓடிப்போய் ஒரு துண்டுத் தரையில் உட்கார்ந்து அதைக் கையால் துடைத்தாள்.

இந்தத் தடவை மேரியக்கா எந்த இடத்தையும் காட்டவில்லை. "யார் வாசலும் வேணாம். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு நீட்டு," என்றார். துணியைச் சுருளோடு உருட்டிக்கொண்டு போனோம். ஓரங்களில் கல் வைத்தோம். ஆற்றங்கரை நெடுக வெள்ளைத் துணி கிடந்தது. நான் வாங்கிய விலையை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கொஞ்சந்தான் நினைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. ரோட்டோர டீக்கடையிலிருந்து பால் இல்லாத டீ ஒரு தூக்கில் வந்தது. மேரியக்கா டம்ளரை வாங்கவில்லை. துணி ஓரமாகவே நடந்தார், குனிந்து, தொட்டு, மறுபடி நடந்து. அன்புக்கரசி எதிர்ப்பக்கத்திலிருந்து அதே மாதிரி நடந்து வந்தாள். இரண்டு பேரும் பாதி வழிக்கு மேல் ஓரிடத்தில் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் துணியில் தட்டளவுக்கு ஒரு வட்டம். ஓரத்தில் காவி, நடுவில் வெறும் ஈரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிக்கொண்டிருந்தது.

மேரியக்கா இந்தத் தடவை கத்தவில்லை. விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். அன்புக்கரசியும் தொட்டுப் பார்த்தாள். "இரும்புக்கா," என்றாள். அவள் மேரியக்காவை அக்கா என்று கூப்பிட்டதையும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

பொக்லைன் வேண்டாம் என்றுவிட்டார்கள். கையால்தான் தோண்டினார்கள். முதலில் சிமென்ட் உறையின் விளிம்பு வந்தது. அதில் ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு வேல். உறை இறக்கிய அன்று எந்த அடையாளம் போடுவது என்று சண்டை வந்து, தங்கவேல் ஈரச் சிமென்டில் ஆணியால் இரண்டையும் கீறிவிட்டாராம். மேரியக்கா சிலுவைக்குள் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தார். அப்புறம் வேலின் கோட்டில் இருந்ததையும் எடுத்தார். உறைக்குள் அடைத்திருந்த சேற்றை வாளி வாளியாக இறைத்தபோது சோடா பாட்டில் கோலிகள் வந்தன. ஷஃபியுல்லா பாய்க்கு என்று இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடியில் மண்வெட்டி செங்கல்லைத் தொட்டது. பட்டையான பழைய செங்கல், வரிசையாக. பங்களாக்காரர் பேச்சு புருடா என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தச் செங்கல் இடுக்கிலிருந்து தண்ணீர் ஏறியது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிந்து.

ஒருத்தி தண்ணீரை டம்ளரில் மொண்டு, ஆறிப்போன டீயை அதில் கலந்தாள். டீ கறுத்தது. எங்கள் கண் முன்னால், மையாக. பெண்கள் போட்ட கூச்சலில் ரோட்டில் போன பைக் ஒன்று நின்றது. அனுப்ரியா போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் உறைக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் பளிச்சென்று ஏதோ தெரிந்தது. பச்சை, நீலம், மஞ்சள் டைல்ஸ் துண்டுகள் பதித்த வாசற்படி. கட்டட வேலைக்குப் போன இடங்களில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து அன்புக்கரசி தன் கையால் பதித்தது. அதில் நின்று கைநீட்டினால் உறையைத் தொடலாம்.

எல்லாரும் மேரியக்காவைப் பார்த்தார்கள். அவர் கை காட்டிய இடம் பின்னால் எங்கேயோ கிடந்தது, பீரோக் கதவோடு. அவர் குனிந்து டைல்ஸ் மேலிருந்த சேற்றைக் கையால் வழித்தார். அவருக்கு அது சுலபமாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உன் வாசல்தான்டி," என்றார்.

"இல்லக்கா. தெனம் விடியறதுக்குள்ள உன் கொடந்தானே மொதல்ல வரும். அதான் உனுக்கு உன் வாசலாவே பூட்ச்சி," என்றாள் அன்புக்கரசி. அழுதுகொண்டே சொன்னாள்.

மேரியக்கா கையோடு கொண்டுவந்திருந்த குடத்தை நிரப்பி அவள் இடுப்பில் வைத்தார். "உன் வாசல்ல கெடைச்சது. நீ ஊத்து." அன்புக்கரசி முதல் குடத்தைக் கொண்டுபோய் ஆற்றில் ஊற்றினாள். என் கண் சிவந்திருந்ததற்கு, சேறு ஒத்துக்கொள்ளவில்லை என்று கீர்த்தியிடம் அப்புறம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கான்கிரீட் அந்த இடத்தை மட்டும் விட்டுப் போடப்பட்டது. அனுப்ரியா மேலிடத்தில் நிறையப் பேச்சு வாங்கினாள் என்று கேள்வி. ஆனால் எழுதி வாங்கிவிட்டாள்.

பொங்கல் கழித்து நடைபாதையைத் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறக்கும் முன், மேரியக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். டிராக் சூட் போட்டவர்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு வளைவு விட்டு, உறையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். சிலுவையும் வேலும் வெளியே தெரிந்தன. உள்ளே தண்ணீர் நிறைந்து, ஒரு குழாய் வழியாக ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலியில் நீல நிறப் பலகை ஒன்று.

"கண்ணாடி வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன். இன்னா எழுதிகிறாங்க, படிங்க," என்றார்.

படித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊற்று நீர். குடிக்க உகந்ததல்ல." இத்தனை பாடுபட்டு, கடைசியில் இப்படி ஒரு பலகையா? கம்பெனிக்காரனைச் சும்மா விடக் கூடாது, அனுப்ரியாவுக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று குதித்தேன். மேரியக்கா என் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினார்.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட மொதல்லியே சொல்லிச்சி. டெஸ்ட் பண்ணாங்களாம், இரும்பு ஜாஸ்தியாம், அப்படித்தான் எழுதணுமாம். குடிக்காதன்னா குடிக்கல. நான் இப்ப கேன் தண்ணிதான் குடிக்கிறேன்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார். "மொத வார்த்தைய மட்டும் படிங்க."

"ஊற்று நீர்."

"சாக்கடைன்னு எழுதலல்ல?"

"இல்லக்கா."

"இன்னொரு தபா படிங்க. கடையில எங்கிட்ட கத்துவீங்களே, அந்த மாதிரி."

நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று திரும்பிப் பார்க்கிற மாதிரி படித்தேன்.